ரயில்பூச்சி வைத்த மை

டிங்சர் பாட்டிலைத் திறந்ததும் மூக்கில் ஏறுமே, அந்த நெடிதான் எனக்கு ஐப்பசி மழையின் மணம். மேலகரத்தில் எங்கள் தெருவுக்குப் பின்னால் இருந்த புளியந்தோப்பில் இலைகள் ஊறி மக்கத் தொடங்கியதும், செங்கல் நிறத்தில், விரல் நீளத்தில், மரவட்டைகள் கூட்டமாக வெளியே வரும். கால்கள் அலையலையாய் நகர்வதைப் பார்த்து நாங்கள் அவற்றை "ரயில்பூச்சி" என்போம். தொட்டால் சுருண்டுகொள்ளும், மேலும் சீண்டினால் இரண்டு பக்கத் துளைகளிலிருந்தும் மஞ்சளாக ஒரு நீர் கசியும். அந்த நீருக்குத்தான் அந்த நெடி. எறும்பு அண்டாது, கோழி ஒரு கொத்து கொத்திவிட்டு அலகை மண்ணில் தேய்த்துக்கொண்டு விலகிப் போகும். கொடுக்கு இல்லாத, வேகமாக ஓடவும் தெரியாத அந்தப் பிராணிக்கு இருந்த ஒரே ஆயுதம் அது. "கடிக்கத் தெரியாதது கறை வைக்கும்" என்பாள் அம்மா, எங்கள் பாவாடை சட்டைகளைக் கல்லில் தேய்த்தபடியே.

சாதாரணக் கறை இல்லை அது. முதலில் மஞ்சள், சற்று நேரத்தில் பழுப்பு, மறுநாள் கத்தரிக்காய்க் கறுப்பு. எலுமிச்சை, புளி, மண்ணெண்ணெய் எதற்கும் அசையாது. தோலைப் பதனிடுவதுபோல அந்த நீர் தோலோடு பிணைந்துவிடுகிறது என்பதை வளர்ந்த பிறகுதான் படித்தேன். அன்று எங்களுக்கு அது "மோதிரம்": சுருண்ட பூச்சியை இடது ஆள்காட்டி விரலில் மாட்டிக்கொண்டு, யார் கறை அதிகக் கறுப்பு என்று போட்டி போடுவோம். ஐந்தாம் வகுப்புச் சமூக அறிவியல் நோட்டின் கடைசிப் பக்கங்களில் இதையெல்லாம் கிழமைவாரியாகக் குறித்து வைத்திருந்தேன்; அந்த நோட்டு இப்போதும் என்னிடம் இருக்கிறது. அதில் ஒரு வரி: "ஞாயிறு மதியம். பூச்சி பதினாலு. சித்திக்கு ஒண்ணு."

சித்தி, அம்மாவின் தங்கை, அப்போது எங்களோடு இருந்து தென்காசிக்குத் தையல் படிக்கப் போய்வந்தாள். பேரூராட்சித் தேர்தல் வந்தது. அவளுக்குத் தையல் சொல்லிக்கொடுத்த அக்காவே எங்கள் வார்டில் நின்றார். சித்தியின் பெயரும் முதல் தடவையாகப் பட்டியலில் ஏறியிருந்தது. தன் முதல் ஓட்டு அக்காவுக்குத்தான் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் அசந்து தூங்கியபோது, கட்டிலுக்கு வெளியே தொங்கிய இடது ஆள்காட்டி விரலில் நான் ஒரு மோதிரம் மாட்டினேன். அலறி எழுந்தவள் பூச்சியை நசுக்கிவிட்டாள். நகம், சதை எல்லாம் நீர் படர்ந்தது. தேர்தல் புதன்கிழமை.

புதன் காலை, தானே தைத்த புது ரவிக்கை போட்டுக்கொண்டு போனாள். ஓட்டுச்சாவடி என் பள்ளிக்கூடம்தான் என்பதால் நான் வெளி ஜன்னல் கம்பியைப் பிடித்து நின்றேன். சித்தி விரலை நீட்டியதும் மை வைப்பவரின் கை நின்றது. எதிர்க்கட்சி ஏஜெண்ட் அண்ணாச்சி எழுந்தே விட்டார்.

"ஏம்மா, ஒண்ணு குத்திட்டுத்தான வந்திருக்க? ரெண்டாவது கேக்குதாக்கும்?"

"அண்ணாச்சி, இது மை இல்ல. ரயில்பூச்சி."

"எந்த ரயிலு? கொல்லம் ரயிலா, சென்னை ரயிலா?"

வரிசை முழுக்கச் சிரித்தது. சித்தியின் கண் நிரம்பியது. பெரிய அதிகாரி வெளியூர்க்காரர்; ரயில்பூச்சி என்றால் என்னவென்றே அவருக்குத் தெரியவில்லை. "ஓரமா நில்லுங்கம்மா" என்றார். எல்லாம் நான் செய்த வேலை. தெருவைப் பார்த்து ஓடினேன்.

திரும்பி வந்தபோது என்னோடு மோதிரப் போட்டிக் கூட்டாளிகள் ஏழு பேர். உள்ளே விடமாட்டேன் என்று போலீஸ்காரர் மறித்ததால் ஜன்னலுக்கு வெளியே வரிசையாக நின்று, கம்பிகளுக்கிடையே எட்டு இடது கைகளை நீட்டினோம். எட்டு ஆள்காட்டி விரலும் கறுப்பு.

"சார், நாங்களும் ஓட்டு போட்டாச்சா?" என்று கத்தினேன்.

அதிகாரி எழுந்து வந்து ஒவ்வொரு விரலாகப் பார்த்தார். கடைசி விரலை முகர்ந்து முகம் சுளித்தார். பிறகு சித்தியின் விரலையும் முகர்ந்தார். "ஆஸ்பத்திரி வாடைல்லா அடிக்கி?" என்று அந்த ஏஜெண்ட் அண்ணாச்சியே எட்டி மோந்து பார்த்துவிட்டு உட்கார்ந்தார். சித்தியின் நடுவிரலில் மை வைத்தார்கள். சீட்டை மடித்துப் பெட்டியில் போட்டவள், வெளியே வந்து என் காதைத் திருகினாள். திருகிய கையாலேயே ஐஸ் வாங்கித் தந்தாள்.

தையல் அக்கா ஒரே ஓட்டில் ஜெயித்தார் என்று சித்தி இன்றும் சொல்வாள். நான் விசாரித்துவிட்டேன், ஜெயித்தது உண்மை, ஒரே ஓட்டு என்பது உண்மையில்லை. எத்தனை முறை சொன்னாலும் அவள் ஒப்புக்கொள்வதில்லை.

புளியந்தோப்பு இருந்த இடத்தில் இப்போது கல் பாவிய முற்றங்களோடு வீடுகள். மக்குவதற்கு இலையும் இல்லை, ஊறுவதற்கு மண்ணும் இல்லை. போன ஐப்பசியில் மூன்று நாள் தேடி, ஒரு தொட்டிச் செடியின் அடியில் ஒன்றே ஒன்றைக் கண்டேன். நோட்டில் குறித்துவிட்டு, அதை எடுத்து ஆள்காட்டி விரலில் மெல்ல மாட்டினேன். அதே டிங்சர் நெடி. செடியடியில் திரும்ப விட்டுவிட்டு, மறுநாள் கறை நன்றாகக் கறுத்ததும் படமெடுத்து, தூத்துக்குடியில் பேரப்பிள்ளைகளோடு இருக்கும் சித்திக்கு அனுப்பினேன்.

உடனே பதில் வந்தது: "ஏட்டி, கள்ள ஓட்டு!"