நற்குணங்கள் என்ற கட்டம்

இளைஞர் மனநல மையத்துக்கு வரும் பரிந்துரைப் படிவங்களை வாங்கிப் பதிவுசெய்த எழுத்தரை எங்கள் பள்ளியில் ‘போன் அக்கா’ என்போம். இப்போது எல்லாம் கணினியில் போகிறது. அனுப்பினால் ஒரு நன்றிச் செய்தி வருகிறது, அவ்வளவுதான். அன்றைக்கெல்லாம் ஒரு மாணவிக்காக நான் படிவம் அனுப்பினால் மறுநாளே ஆசிரியர் அறைத் தொலைபேசி அலறும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த அலறலுக்கு இன்று ஏங்குகிறேன்.

“டீச்சர், தூக்கம் எப்படின்னு எழுதலையே?”

“நான் என்ன அவ வீட்லயா போய்ப் படுத்துக்கறேன்?”

“அவளைக் கேட்டுச் சொல்லுங்க. நான் லைன்லயே இருக்கேன்.”

இருப்பார். ஓய்வு பெறும்வரை இருபது வருடம் அப்படித்தான் இருந்தார். குறையுள்ள படிவத்தைத் திருப்பி அனுப்பலாம் என்பது விதி. அவர் ஒன்றைக்கூடத் திருப்பியதில்லை. திருப்பினால் பிள்ளைதான் வரிசையில் பின்னால் போகும் என்பார்.

ஒருமுறை பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்திக்கு எழுதினேன். பாடத்தில் கவனமில்லை என்பது காரணம். ‘அவசரமில்லை’ என்று குறியிட்டேன்; அப்படியென்றால் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். நற்குணங்கள் கட்டத்தில் ஏதாவது எழுதித் தொலைக்க வேண்டுமே என்று, ‘தாராள மனசு. தன் பொருட்களையெல்லாம் தோழிகளுக்குக் கொடுத்துவிடுகிறாள்’ என எழுதினேன்.

மறுநாள் முதல் மணி அடிக்கும் முன்பே போன் வந்தது.

“எப்பலேர்ந்து குடுக்கறா டீச்சர்?”

“இந்த வாரமாதான். கலர் பெட்டி, வாட்ச், சைக்கிள்கூட.”

“அவளைக் கூட்டிட்டு வந்து போனை அவ கையில குடுங்க.”

கூட்டிவந்து கொடுத்தேன். அக்கா கேட்டது என் காதிலும் விழுந்தது. “உயிரோட இருக்க வேணாம்னு தோணுதா கண்ணு?”

எனக்குக் கோபம் தலைக்கேறியது. பிள்ளையிடம் கேட்கிற கேள்வியா இது? ரிசீவரைப் பிடுங்கக் கையை நீட்டிவிட்டேன்.

“ஆமாக்கா,” என்றாள் அவள்.

அன்று மதியமே மருத்துவர் பார்த்தார். அவள் அம்மாவும் நானும் கூடப் போனோம். போன் அக்காவின் முகத்தை அன்றுதான் பார்த்தேன். கண்ணாடியைத் தலையில் ஏற்றிக்கொண்டு வேறு யாரோ ஒரு டீச்சரைத் தொலைபேசியில் குடைந்துகொண்டிருந்தார். பெண் பிழைத்துக்கொண்டாள். இன்று அவளுக்கே பள்ளிக்குப் போகிற பிள்ளை இருக்கிறது.

ஆனால் அன்று மருத்துவர் அறைக்கு வெளியே, பெஞ்சில் உட்கார்ந்து அவளைக் கேட்டேன்: “மூணு வருஷமா என் கிளாஸ்ல இருக்கியே, என்கிட்ட ஏம்மா சொல்லல?”

“நீங்க கேக்கல டீச்சர்,” என்றாள்.