வாசலில் எழுதாத வார்த்தை

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் எனக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது: வாசல்ல நிக்க வைக்கிறவ. என் கோபம் எங்கள் லைன் முழுக்கத் தெரிந்த கோபம்தான். மீன்காரன் ஒரு மீனைக் குறைத்துப் போட்டாலும் நாலு வீட்டுக்குக் கேட்கும். ஆனால் இந்தப் பெயரைக் கேட்டு மட்டும் எனக்கு ஒரு நாளும் கோபம் வந்ததில்லை. இன்றைக்கும் யாராவது அதை ஞாபகப்படுத்தினால், ஆமாம், நான்தான் என்று சொல்லிக்கொள்வேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. என் மகளுக்கு ஐந்து வயது. காலெல்லாம் நீலம் நீலமாகக் கன்றியிருந்ததைப் பார்த்து, எங்கேயோ ஏறிக் குதித்திருக்கிறாள் என்று நான் அவளைத் திட்டினேன். ஈறில் ரத்தம் கசிந்த பிறகுதான் தூக்கிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ரத்தப் புற்றுநோய் என்றார்கள். அந்தக் கால்களைப் பார்த்துத் திட்டினேனே என்று இப்போது நினைத்தாலும் மனசு ஆறவில்லை.

டாக்டர் ஒரு சீன அம்மா. சுற்றி வளைக்காமல் பேசுவார், அதனாலேயே எனக்குப் பிடித்துப்போனது. மருந்து கெட்ட ரத்தத்தோடு நல்ல ரத்தத்தையும் சேர்த்து அழிக்கும், மூன்று வருடம் பிள்ளையின் உடம்புக்குக் காவல் இருக்காது என்றார். "இருமல், காய்ச்சல்காரங்க யாரும் கிட்ட வரக்கூடாது. முக்கியமா சிக்கன் பாக்ஸ். அது வந்தா இவ உயிருக்கே ஆபத்து. அது உள்ளவங்களோட இவ இருந்தான்னு தெரிஞ்சா உடனே வாங்க. நாலு நாளுக்குள்ள ஒரு ஊசி போடணும். அதுக்கு அப்புறம் போட்டு பிரயோஜனம் இல்ல."

வீட்டுக்கு வந்ததும் என் கணவர் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அறிவிப்பு எழுத உட்கார்ந்தார். அவர் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். தமிழ், மலாய், இங்கிலீஷ், மூன்றிலும். இருமல், காய்ச்சல், சளி உள்ளவர்கள் தயவுசெய்து உள்ளே வரவேண்டாம். அடுத்த வார்த்தைக்கு வந்ததும் பேனா நின்றது.

"அதை எழுத வேணாம்லா. வாசல்ல ஆத்தா பேர எழுதி வெச்சா, வா வான்னு கூப்பிடுற மாதிரி."

எதற்கெடுத்தாலும் அவரோடு மல்லுக்கு நிற்கும் நான் அன்றைக்குத் தலையாட்டினேன். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. அம்மை கண்டால் நோய் என்று சொல்லாமல், ஆத்தா வந்திருக்கிறாள் என்று சொல்லும் ஆட்கள் நாங்கள். வேப்பிலை கட்டுவோம், டாக்டரைக் கூப்பிட மாட்டோம், வெளியே யாரிடமும் சொல்ல மாட்டோம், தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரைக்கும் வாசற்படி தாண்ட மாட்டோம். அந்தப் பெயரைக் கதவில் ஒட்ட எங்களுக்குக் கை வரவில்லை. அறிவிப்பு அந்த ஒரு வார்த்தை இல்லாமலே தொங்கியது.

நோயாளியைப் பார்க்க எங்கள் சனம் ஒருவர் இருவராக வராது. வேனில் வரும். மைலோ டின், ஆரஞ்சுப் பழம், இரண்டு மணி நேரம் பேச்சு. அவர்களைத் திருப்பி அனுப்புவது கன்னத்தில் அறைவதற்குச் சமம். நான் அனுப்பினேன். ஜன்னல் கம்பி வழியாக மைலோ டின்னை வாங்கிக்கொண்டு, கம்பி வழியாகவே நலம் விசாரித்து, கம்பி வழியாகவே போய் வாருங்கள் என்றேன். என் மாமாவையே அப்படித்தான் அனுப்பினேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டேன் என்றால் அது வெறும் பேச்சில்லை.

மகளோ என்னைவிடக் கெட்டிக்காரி. முதுகெலும்பில் ஊசி போடும்போது உடம்பை இறால் மாதிரி சுருட்டிப் படுத்துக்கொள்ளக் கற்றுக்கொண்டாள். மாத்திரையில் முகம் பூசணிக்காயாக ஊதி, பின் முடியெல்லாம் கொட்டியது. ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ்ஸில் ஒரு அக்கா அவள் தலையைத் தடவி, "எந்தக் கோயில்ல மொட்டை போட்டீங்க?" என்று கேட்டாள். நான் பதில் தேடுவதற்குள் இவள், "கோயில்ல இல்ல ஆன்டி, ஆஸ்பத்திரில" என்றாள். வெட்கப்படவும் இல்லை, அழவும் இல்லை. அன்றைக்கு எனக்கு வந்த பெருமையை நான் யாரிடம் போய்ச் சொல்வேன்?

என் நாத்தனார் கிள்ளானில் இருந்தாள். என் கணவருக்கு ஒரே தங்கை. ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு பஸ் பிடித்து வந்து ஜன்னலோடு நின்றுவிட்டுப் போவாள். நாலாவது தடவை அவளுக்குப் பொறுக்கவில்லை. "எங்கண்ணன் வீட்டு வாசல்ல நான் பிச்சைக்காரி மாதிரி நிக்கணுமா அண்ணி?" என்று அழுதாள்.

"என்னைக் கோவிச்சு என்ன செய்ய? டாக்டர் சொன்னது இருமல், காய்ச்சல் மட்டும் இல்ல" என்றேன். குரலைத் தாழ்த்திக்கொண்டேன். "முக்கியமா அது. வாயால சொல்லக்கூடாது. அது ஒட்டினா நாலு நாளுக்குள்ள ஊசி போடணும். இல்லாட்டி புள்ளை இல்ல."

அவள் புரிந்துகொண்டு தலையாட்டினாள். அவள் நெற்றியையும் கூட வந்திருந்த மூன்று வயது மகனின் நெற்றியையும் தொட்டுப் பார்த்தேன். சூடு இல்லை. மனசு இளகிவிட்டது. கதவைத் திறந்தேன். பகல் மூன்று மணி இருக்கும். பத்தே நிமிடம். இரண்டு பிள்ளைகளும் ஒரே பிஸ்கட்டை மாற்றி மாற்றிக் கடித்துச் சிரித்தார்கள். என் மகள் வீட்டுக்குள் இன்னொரு பிள்ளையோடு சிரித்து மாதக்கணக்காகியிருந்தது.

புதன்கிழமை காலை துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு எதிரே உள்ள பெரிய லோங்காங் சாக்கடைக்கு அந்தப் பக்கம் நாத்தனார் தனியாக நின்றாள். நான் கிட்டே போகவும் கையைக் காட்டித் தடுத்தாள்.

"பக்கத்துல வராதீங்க அண்ணி. நேத்து சாயங்காலம் சின்னவனுக்கு ஆத்தா வந்துட்டா."

உடனே கோபம் வந்தது, எனக்குத்தான் அது முதலில் வருமே. பெற்றவளுக்குப் பிள்ளை உடம்பு தெரியாதா, பார்க்க வந்தாயா, கொல்ல வந்தாயா என்று, சொல்லக்கூடாததையெல்லாம் சாக்கடைக்கு மேலே எறிந்தேன். அக்கம்பக்கத்தார் எட்டிப் பார்த்தார்கள். அவள் அத்தனையையும் வாங்கிக்கொண்டு நின்றாள்.

"திட்டுங்க அண்ணி. ஆனா கிளம்பிக்கிட்டே திட்டுங்க. வியாழன் மூணு மணி வரைக்கும்தான் இருக்கு. நான் பஸ்ஸுல எண்ணிக்கிட்டே வந்தேன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆத்தா இருக்கும் வீட்டை விட்டுப் படி இறங்கி வந்திருக்கிறாள். வாயால் சொல்லக்கூடாததை நடுரோட்டில் நின்று சொல்லியிருக்கிறாள். "உன் மாமியார் விட்டாங்களா?" என்று கேட்டேன்.

"படி தாண்டினா புள்ளைக்கு ஆவறதுக்கு நீதான் பொறுப்புன்னாங்க. தாண்டிட்டேன்."

தானாடாவிட்டாலும் தன் தசையாடும் என்பார்கள். ஆனால் வீட்டில் தன் பிள்ளை காய்ச்சலில் கிடக்க, அண்ணன் பிள்ளைக்காக அவள் வந்து நின்றாள். அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் வந்திருப்பேனா? சத்தியமாகச் சொல்கிறேன், வந்திருக்க மாட்டேன்.

ஆஸ்பத்திரியில் அந்த மருந்து கையிருப்பில் இல்லை. டாக்டர் ஒவ்வோர் இடமாகப் போன் அடித்தார். நான் மகளை மடியில் வைத்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தையே பார்த்திருந்தேன். மறுநாள் வியாழன், பன்னிரண்டு அடிக்கும் முன்னால் மருந்து வந்து சேர்ந்தது. இரண்டு தொடையிலும் கெட்டியான ஊசிகள். நர்ஸ் மிஸ்ஸி சொல்லிக்கொடுத்தபடி மகள் மலாயில் சாத்து, டுவா, தீகா என்று எண்ணினாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது, எண்ணிக்கை நிற்கவில்லை. முடிந்ததும், "இன்னும் இருக்கா?" என்று கேட்டாள். மிஸ்ஸிதான் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

டாக்டர் என்னிடம், "உங்க ஆளுங்க கொப்புளம் வந்த பிறகுதான் கொண்டு வருவாங்க. உங்களுக்கு யார் சொன்னது?" என்று கேட்டார்.

"என் நாத்தனார்" என்றேன். அந்தச் சொல்லை அதுவரை நான் அவ்வளவு நிமிர்ந்து சொன்னதில்லை.

பிறகு நான்கு வாரக் காவல். தினமும் டார்ச் அடித்து அவள் உடம்பை அங்குலம் அங்குலமாகப் பார்த்தேன். கொசுக்கடிக்கெல்லாம் உயிர் போய் வந்தது. மூன்றாம் வாரம் காதுக்குப் பின்னால் இரண்டு, முதுகில் இரண்டு, நாலே நாலு கொப்புளம் வந்தது. வார்டில் சேர்த்து மருந்து ஏற்றினார்கள். ஐந்தாவது வரவில்லை. அந்த ஊசி இல்லாவிட்டால் இப்படிப் பேசிக்கொண்டிருக்க மாட்டோம் என்றார் டாக்டர்.

வீடு திரும்பிய அன்றே என் கணவர் அறிவிப்பைப் புதிதாக எழுதினார். விட்டுப்போன வார்த்தையை முதல் வரியில், மூன்று மொழியிலும், பெரிதாக. "ஆத்தா கோவிச்சுக்க மாட்டா" என்று எனக்கும் தனக்குமாகச் சொல்லிக்கொண்டார்.

நாத்தனார் மகனும் தேறினான். ஆனால் படி தாண்டியதற்காக அவள் மாமியார் ஒரு வருடம் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அதை அவளாக என்னிடம் சொல்லவே இல்லை. அவள் வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரியும். நான் சாக்கடைக்கு மேலே எறிந்த வார்த்தைகளுக்கு மன்னிப்புக் கேட்டபோதும், "எந்த வார்த்தை அண்ணி?" என்று கேட்டுவிட்டாள்.

மருந்தெல்லாம் நின்று, அறிவிப்பைக் கிழித்து, வருடங்கள் போயின. ஆனாலும் நாத்தனார் எப்போது வந்தாலும் முதலில் ஜன்னலில் நின்று, "வரலாமா அண்ணி?" என்று கேட்டுவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவாள். எத்தனை சொல்லியும் அந்தப் பழக்கம் விடவில்லை.

மகள் பதின்மூன்று வயதில் பெரியவளானாள். தலைக்கு முதல் தண்ணீர் அத்தைதான் ஊற்ற வேண்டும். வீடு நிறையச் சனம். ஒருவரையும் நான் வாசலில் நிறுத்தவில்லை. நாத்தனார் மஞ்சளும் பட்டுமாகத் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வந்தவள், அத்தனை பேர் பார்க்க, ஜன்னலுக்கு நேரே போய் நின்றாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் பின்கட்டில் மணையில் உட்கார்ந்திருந்த மகள் குரல் கொடுத்தாள்.

"அத்தை, தண்ணி ஆறிப்போகுது. உள்ள வாங்க."

நான் போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்தேன். அவள் சொம்பை எடுத்து, என் மகளின் இடுப்பு வரை வளர்ந்திருந்த முடியின்மேல் முதல் தண்ணீரை ஊற்றினாள்.