ஜுரம் இல்லை என்றும் எழுதியவள்

என் பக்கத்து வீட்டுக்காரியைத் தெருவில் எல்லாரும் நோட்டக்கா என்பார்கள். நோயாளிகளை அவர்கள் வீட்டுக்கே போய்ப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. இருபத்திரண்டு வருஷமாக அதேதான். எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் நாளே ஒரு நோட்டு வாங்கி, ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டுவிடுவாள். ஜுரம், ரத்த அழுத்தம், குடித்த தண்ணீர், கொடுத்த மாத்திரை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுதியாக வேண்டும். ஜுரம் இல்லாவிட்டாலும் 'இல்லை' என்று எழுதுவாள்.

"இல்லாததுக்கு எதுக்குக்கா மெனக்கெட்டு எழுதறீங்க? பேனா மை வீண்தானே?" என்று ஒருநாள் கிண்டலடித்தேன்.

"கட்டம் காலியா இருந்தா யாருமே பார்க்கலைன்னு ஆயிடும்டி. நான் பார்த்தேன், இல்லை. அதை எழுதணும்ல?"

வரி விஷயத்திலும் இதே பிடிவாதம்தான். அவள் சம்பாத்தியம் ஒரு வருஷம்கூட வரி கட்டும் அளவைத் தொட்டதில்லை. ஆனாலும் வருஷா வருஷம் கெடு முடிவதற்குள் இஸ்திரி போட்ட புடவை கட்டிக்கொண்டு, வரி அலுவலகத்துக்கு எதிரே இருக்கும் ஃபாரம் தம்பியிடம் போய்விடுவாள். ஃபாரம் தம்பி என்றால் கூடப் பிறந்தவன் இல்லை. ஒரு கம்ப்யூட்டரும் பிரிண்டரும் வைத்துக்கொண்டு ஊராருக்கு விண்ணப்பம் நிரப்பித் தருகிறவன். முதல் நாளே வாய் நிறைய "அக்கா" என்றான். இவள் உருகிப் போனாள். பதினொரு வருஷமாக அவன் தட்டுவான், பிரிண்ட் எடுப்பான், நங்கென்று ஒரு ஸ்டாம்ப் குத்துவான், கூலி வாங்கிக்கொள்வான். இவள் அந்தத் தாளைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு அலமாரியில் பத்திரப்படுத்துவாள். ஒன்றுமில்லை என்று சொல்வதற்கும் கூலியா என்று நான் கேட்டால் முறைப்பாள்.

இரண்டு வருஷத்துக்கு முன் அவன் அம்மா படுத்த படுக்கையானபோது, "அக்கா, உங்களை விட்டா எனக்கு யாரு இருக்கா?" என்று வந்து நின்றான். நான்கு மாதம் அந்த அம்மாவைக் குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டாள். ஒரு காசு வாங்கவில்லை. தம்பி வீட்டில் சம்பளமா என்றாள். அம்மா போன பிறகு, அவள் எழுதிய மூன்று நோட்டுகளையும் அவன் தன் கடையில் அம்மா படத்துக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டான். வருகிற போகிறவர்களிடமெல்லாம் எடுத்துக் காட்டுவான்.

நாங்கள் இருப்பது மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. நோட்டக்காவின் தங்கைக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமானால் இரண்டு ஆள் பிடித்துத் தூக்கி இறக்க வேண்டும். மற்ற நாளெல்லாம் அவளுக்கு ஜன்னல்தான் உலகம். அதனால்தான் குடியிருப்பு வாரியத்தில் தரைத்தள வீட்டுக்கு நோட்டக்கா மனுப் போட்டாள். ஆறு வருஷம் காத்திருந்து, போன மாதம் குலுக்கலில் அவள் எண் விழுந்தது. தங்கை அன்றைக்கே வாசலில் வைக்கப் பூச்செடி கேட்டாள்.

கடைசி மூன்று வருஷ வரித் தாக்கலைக் காட்ட வேண்டும் என்றார்கள். பதினொரு வருஷத்துத் தாளையும் தூக்கிக்கொண்டு, துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனாள்.

வாரிய அலுவலகத்துப் பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள், மறுபடி கம்ப்யூட்டரைப் பார்த்தாள்.

"உங்க பேர்ல ஒரு வருஷம்கூடத் தாக்கல் ஆகலையேம்மா."

"ஸ்டாம்ப் இருக்கே?"

"அது வரி ஆபீஸ் ஸ்டாம்ப் இல்லம்மா. கடை ஸ்டாம்ப். நிரப்பி பிரிண்ட் எடுத்திருக்காங்க, அனுப்பவே இல்லை."

மாத்திரை அட்டையில் காலாவதித் தேதியைக் கண்ணாடி போட்டு இரண்டு தரம் படிக்கிறவள் அவள். அந்த ஸ்டாம்பை ஒரு தரமும் படித்ததில்லை. தம்பி கொடுத்ததை யார் படிப்பார்கள்?

"வரியே இல்லைன்னா தாக்கல் பண்ணணும்னு சட்டம் இல்லதான். ஆனா உங்க வருமானம் இவ்வளவுதான்னு எங்களுக்குத் தெரிய வேற வழி கிடையாது. பழைய வருஷத்துக்கெல்லாம் இனிமே போடவும் முடியாது. வீடு அடுத்த எண்ணுக்குப் போயிடும்மா."

அவள் அழவில்லை. தாள்களை வரிசையாக அடுக்கிக் கவருக்குள் போட்டாள். நேரே கடைக்கு நடந்தாள்.

விஷயத்தைக் கேட்டதும் ஃபாரம் தம்பி முகத்தில் ஈயாடவில்லை. அப்புறம் சுதாரித்துக்கொண்டான். "அக்கா, சட்டப்படி நீங்க போடவே வேண்டியதில்லையே."

"அப்போ அதைச் சொல்லியிருக்கலாமே தம்பி."

"நீங்க ஆசையா வர்றீங்க, எப்படிச் சொல்றது? அனுப்பற கடைசிப் பட்டனை அமுக்கப் போனா கம்ப்யூட்டர் கேள்வி மேல கேள்வி கேக்கும். அரை மணி நேரம் போயிடும். கெடு நேரத்துல வரி கட்டறவங்க வரிசையில நிக்கறாங்க. உங்களுது வெறும் பூஜ்யம்தானே? யாரு கேக்கப் போறான்னு விட்டுட்டேன்."

எனக்குக் கை பரபரத்தது. அவள் குரலை உயர்த்தவே இல்லை. படத்துக்குப் பக்கத்தில் இருந்த நோட்டுகளைக் காட்டினாள்.

"உங்கம்மாவுக்கு ஜுரம் இல்லாத நாள்தான் அதிகம். நானும் யாரு கேக்கப் போறான்னு விட்டிருக்கலாம் இல்லையா?"

அவன் நோட்டுகளைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். மன்னிப்புக் கேட்கப் போகிறான் என்றுதான் நினைத்தேன். அவன் முகம் வெளுத்துப் போனது.

"அக்கா... அதெல்லாம் பார்த்துத்தானே எழுதினீங்க?"

பாவி! கன்னத்தில் ஒன்று வைத்திருப்பேன், அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். மூன்று நோட்டையும் எடுத்துப் பைக்குள் போட்டாள். அவன் தடுக்கவில்லை.

எங்கள் வீட்டுப் படியேறும்போது இரண்டாவது மாடித் திருப்பத்தில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள். மேலே தங்கை காது கொடுத்துக்கொண்டிருப்பாள் என்று முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

"வீடு போனாப் போகட்டும்டி," என்றாள். "என்னைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்டுட்டானே."