பை கிளம்பிவிட்டது, மாமா கிளம்பவில்லை

அம்மாவின் தம்பி, என் மாமா, சொகுசுக் கப்பலில் இன்ஜினியர். குளிர்காலம் முழுக்கக் கரீபியன் தீவுகளைச் சுற்றுவார். ஏப்ரலில் போர்ச்சுகலுக்குப் போய்விடுவார். அங்கேதான் அத்தையும் அவர்களுடைய நான்கு வயதுப் பெண்ணும் இருந்தார்கள். எனக்கு ஒன்பது வயதான வருடம் மாமாவின் கப்பல் நியூ ஜெர்சியிலிருந்தே ஓடியது. கரைக்கு வரும் நாட்களிலெல்லாம் ஜெர்சி சிட்டியில் எங்கள் ஃபிளாட்டுக்கு வந்து, குளித்து, ரசம் சாதம் சாப்பிட்டு, என்னோடு ஒரு ஆட்டம் கேரம் ஆடிவிட்டு ஓடுவார்.

அந்த வருடம் அவர் கடைசியாக வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. கப்பல் அன்று ஐரோப்பாவுக்குப் புறப்படுகிறது, நாலு மணிக்குள் ஏறியாக வேண்டும். விட்டால் வேலை போகும், விசாவும் சிக்கலாகும். மூன்று மணிக்குக் கிளம்பினால் போதும். ஆனால் செவ்வாய் மூன்றிலிருந்து நாலரை வரை ராகு காலம்! வங்கியில் கம்ப்யூட்டர் சர்வர்களையெல்லாம் கட்டி மேய்க்கும் என் அம்மா, இந்த ஒரு விஷயத்தில் யார் பேச்சையும் கேட்கமாட்டாள். முன்னாலேயே அனுப்பவும் மனசில்லை, பாயசம் அடுப்பில் இருந்தது. அதற்கும் அவளிடம் வழி இருந்தது. நல்ல நேரத்திலேயே பையைப் பக்கத்து வீட்டில் வைத்துவிட்டால் ஆளே கிளம்பிய மாதிரியாம். இரண்டரைக்குப் பையை என்னிடம் கொடுத்து எதிர் ஃபிளாட் ஆன்ட்டி வீட்டுக்கு அனுப்பினாள்.

ஆன்ட்டி பையை வாங்கி வைத்துக்கொண்டு, “நான் டேகேர் போய்ப் பையனைக் கூட்டிட்டு வரேன், அம்மாகிட்ட சொல்லிடும்மா” என்றார்.

நான் சொல்லவில்லை. மாமா போகக்கூடாது, அவ்வளவுதான். சமர்த்தாக உட்கார்ந்து பாயசம் குடித்தேன்.

மூன்று மணிக்கு எதிர்க்கதவைத் தட்டினால் பதிலில்லை. அம்மா ஆன்ட்டிக்குப் போன் பண்ணினாள், அது பூட்டிய கதவுக்குள்ளேயே அடித்தது. மாமாவின் பாஸ்போர்ட், கப்பல் அட்டை எல்லாம் அந்தப் பையில். அப்பா காரிடாரில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். அம்மா கார்ப்பெட்டிலேயே உட்கார்ந்து, “பாவி, என் தம்பி பொழப்புல நானே மண்ணள்ளிப் போட்டுட்டேனே” என்று தலையில் அடித்துக்கொண்டாள். அம்மா அழுது நான் பார்த்ததே இல்லை.

“டேகேர்ல இருக்காங்க,” என்றேன். “என்கிட்ட சொல்லிட்டுத்தான் போனாங்க.”

மாமா படியிறங்கி ஓடினார். தெருமுனையிலேயே ஆன்ட்டி அகப்பட்டுவிட்டார். பை வந்தது, அம்மாவுக்கு உயிரும் வந்தது, கூடவே என் பக்கம் ஒரு பார்வையும் வந்தது. இவளை இங்கே விட்டால் அக்கா தோலை உரித்துவிடுவாள் என்று மாமா என்னையும் காரில் ஏற்றிக்கொண்டார்.

துறைமுக வாசலை அடைந்தபோது நாலுக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. அப்பாடா! அப்பா ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துச் சிரித்தார். மாமா ஒரு வார்த்தை திட்டவில்லை. இறங்கி என் ஜன்னல் பக்கம் வந்தார்.

“போர்ச்சுகல்ல நான் போய் நின்னா எங்க பாப்பா ரெண்டு வாரம் கிட்டவே வரமாட்டா, தெரியுமா? யாரோன்னு நெனச்சு அம்மா பின்னாடி ஒளிஞ்சுப்பா.”

எனக்கு ஒரே பெருமை. “நான் அப்படியா மாமா? லாபியிலேயே ஓடி வந்து உங்க கழுத்துல தொங்குவேனே!”

“ஆமாடா செல்லம்” என்று சொல்லிவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று உள்ளே போய்விட்டார். அந்தப் பாப்பாவைவிட நான்தான் உசத்தி என்ற சந்தோஷத்தில் நான் வீடுவரை பாடிக்கொண்டே வந்தேன்.