கிணற்று மருத்துவரின் கல்

இருபத்தாறு ஆண்டுகள் யாழ்ப்பாணத்துக் கல்லூரியொன்றில் வரலாறு கற்பித்தவன் நான். டோர்ட்மண்ட் தமிழர் நடுவே என் சொல்லுக்கு மதிப்பு இருந்தது. என்னைப் பற்றி எவரும் கதை கட்டியதில்லை. சென்ற மாதத்து முதல் வெள்ளிக்கிழமை வரை நிலைமை அதுவே.

அன்று காலை எட்டரைக்கு நண்பர் சிவநாதனின் காரில் புறப்பட்டோம். பேக்கரியொன்றில் உழைத்து ஓய்வுபெற்றவர் அவர். தெற்கே எண்பது கிலோமீற்றரில், சாவர்லாந்து மலைகளுக்குள் ஒரு சிற்றூர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே குதிரையேறி வைத்தியம் பார்த்த டாக்டர் வோல்மரைப் பற்றி எங்கள் தமிழ்ச் சங்க மலருக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அவருடைய கல்லறையின் படம் தேவைப்பட்டது.

ஊரின் காய்ச்சல் கிணறுகளிலிருந்து வருகிறது என்று கண்ட வோல்மர், மாகாண சபைக்குப் போட்டியிட்டு வென்றார். அங்கே நல்ல தண்ணீரைத் தவிர வேறெதுவும் பேசாததால், 'கிணற்று மருத்துவர்' என்று சக உறுப்பினர்கள் நகைத்தார்கள். தம்மூர் விடுதிக்காரரின் கிணற்றையும் மூடச் சொன்னார். அடுத்த தேர்தலில் விடுதிக்காரர் ஆள் சேர்த்து அவரைத் தோற்கடித்தார். அதே குளிர்காலத்தில் விடுதிக்காரரின் மகள் காய்ச்சலில் விழுந்தபோது, கூப்பிடுமுன் போய் நின்றவர் வோல்மர். இந்த மனிதர்மீது எனக்குப் பிரியம் உண்டு, மறைப்பதற்கில்லை.

பத்து மணிக்கு மயானத்தை அடைந்தோம். வோல்மரின் கல்லின்மேல் மஞ்சள் அறிவிப்புத் தாளொன்று ஒட்டியிருந்தது. ஜெர்மனியில் கல்லறை நிலம் குறித்த ஆண்டுகளுக்குக் குத்தகையாகவே கிடைக்கும். புதுப்பிக்க ஆளில்லையேல் கல்லை அகற்றிவிடுவார்கள்.

"குடும்பத்தின் கடைசி அம்மையாரும் போய்விட்டார். திங்கட்கிழமை கல்லை எடுக்கிறோம்," என்றார் மயான அலுவலகப் பெண்மணி. "யாராவது பராமரிப்பை ஏற்றால் நிற்கும். ஏற்பவர் விரும்பினால், பிற்காலத்தில் இங்கேயே அடக்கமாகலாம்."

நான் படிவத்தைக் கேட்டேன்.

"மாஸ்டர், வெள்ளைக்கார டொக்டரோட ஒரே குழியிலயோ?" என்றார் சிவநாதன். "அக்காவுக்கும் இடம் கேட்டனீங்களோ?" என் மனைவியை அவர் அக்கா என்றே அழைப்பார்.

"பகிடியை விடும். பேனையைத் தாரும்."

"ஏலாது மாஸ்டர். இந்த வயசில ஆர் வந்து புல்லுப் பிடுங்கிறது?"

"நீர் காரை ஓட்டும். நான் பிடுங்கிறன்."

"ஓம், நல்லா பிடுங்குவியள்! குனிஞ்சால் நிமித்த நானெல்லோ வேணும்," என்று சிரித்தபடி பேனையைத் தந்தார்.

இறந்தவருக்கு என்ன உறவு என்று படிவம் கேட்டது. சற்று யோசித்து, 'இல்லை' என்று எழுதினேன். பெண்மணி எங்களுடன் நடந்து வந்து மஞ்சள் தாளை உரித்தெடுத்தார்.

மாலை மூன்று மணிக்குத் திரும்பினோம். நாங்கள் எங்களவரை எரித்துச் சாம்பலை நீரில் விடுகிறோம். அதில் எனக்குக் குறையேதுமில்லை. ஆனால் ஓர் ஊருக்கு நல்ல தண்ணீர் தேடியவரின் பெயர் லொறியில் ஏறிப்போகவிருப்பது தெரிந்தும், படம் எடுத்துக்கொண்டு வந்துவிட என்னால் முடியவில்லை.

நான் மதம் மாறிவிட்டதாகவும், வெள்ளைக்காரர் மயானத்தில் எனக்குக் குழி வாங்கிவிட்டதாகவும் டோர்ட்மண்டில் சொல்லித் திரிகிறார்கள். இரண்டும் பொய். அடக்க உரிமை வேண்டாமென்று அந்தப் படிவத்திலேயே என் கையால் எழுதிக் கையொப்பமிட்டேன். என்னை டோர்ட்மண்டிலேயே எரிப்பார்கள்.