சம்பந்தி வீட்டுக் கரண்ட்டு

பழைய பள்ளி வேன் ஒன்றை வாங்கி, சீட்டுகளைக் கழற்றி, கட்டில், சின்ன ஃபிரிட்ஜ், ஏசி எல்லாம் வைத்து நானும் என் மனைவியும் ஊர்சுற்றும் வீடாக்கியது போன தை மாதம். எங்கே நிறுத்துகிறோமோ அங்கே யாராவது ஒருவர் வீட்டிலிருந்து ஒயர் இழுத்துக்கொள்வோம். மாசி இரண்டாம் வாரம், ஒரு கல்யாண மண்டப வாசலில் வோல்ட்டேஜ் திடீரென எகிறி ஃபிரிட்ஜின் போர்டு கருகியது. அதற்குப் பிறகுதான் கரண்ட்டு எகிறினால் தடுக்கும் சர்ஜ் ப்ரொடெக்டர் தேட ஆரம்பித்தேன்.

புதுக்கோட்டைக் கடைக்காரர், டிவிக்கு வைக்கும் சின்னப் பெட்டியைக் காட்டி இதுவே போதும் என்றார். ஒன்பது நாள் உட்கார்ந்து இதைப் பற்றிப் படித்துவிட்டுப் போயிருந்தேன். அது ஒரு நொடி எகிறலைத் தாங்கும், அவ்வளவுதான். எனக்கு வேண்டியது, வோல்ட்டேஜ் ஏறினாலும் இறங்கினாலும் துண்டித்துவிடும் பெட்டி. செருகும் பிளக்கில் எர்த் இல்லையென்றால் மின்சாரத்தை உள்ளேயே விடக்கூடாது. சொல்லி வரவழைக்கப் பதினோரு நாள் ஆனது. வெளியே தொங்கவிடும் வகை மழையில் நனையும், யாராவது கழற்றிக்கொண்டும் போவார்கள். அதனால் உள்ளே பொருத்தும் வகையை வாங்கினேன். பங்குனி முதல் ஞாயிறு, எலக்ட்ரீசியன் ஒருவரைக் கூட வைத்துக்கொண்டு, வெளி ஒயர் நுழையும் இடத்துக்கும் வேனின் மெயின் சுவிட்சுக்கும் நடுவில், கட்டிலடியில் பொருத்தினேன். பச்சை, சிவப்பு விளக்குகள் மட்டும் கதவருகே.

முதல் பயணம் கறம்பக்குடி, மகளைக் கொடுத்த வீடு. மகளும் மருமகனும் துபாயில். சம்பந்தி புது வீட்டுக்குக் குடிவந்து நாலு மாதம். மதியச் சாப்பாடு முடிந்ததும் அவரே ஒயர் நுனியை வாங்கிப் போர்ட்டிகோ பிளக்கில் செருகினார். சிவப்பு எரிந்தது.

"என்ன சொல்லுது சம்பந்தி?"

"எர்த் இல்லைங்குதுங்க."

"மூணு பேஸ் கனெக்சன், புது ஒயரிங்கு. ஒங்க பொட்டிக்குத்தான் இன்னும் பழகலை."

ஹால் பிளக்கில் செருகினார். சிவப்பு. அடுப்படியிலும் சிவப்பு. அவர் முகம் சுண்டிப்போனது. பெண் கொடுத்தவன் பந்தியில் உட்கார்ந்துகொண்டு இலையைத் தள்ளிவைத்த மாதிரி ஆகிவிட்டது.

"நம்ம வீட்டுக் கரண்ட்டு ஆகாதாக்கும்" என்றார் மெதுவாக.

என் மனைவி என்னையே பார்த்தாள். பெட்டியைத் தவிர்த்து ஒயரை நேராகக் கொடுத்துவிடலாமா என்றுகூட நினைத்துவிட்டேன். மகள் வாழ்க்கைப்பட்ட வீடு.

சம்பந்தியம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "அண்ணே, வாஷிங் மெஷினத் தொட்டா சுள்ளுங்குதே, அதுவும் இதுனாலதானா?"

"எப்பருந்துங்க?"

"குடிவந்த நாள்லருந்து. இவுககிட்டச் சொன்னா, ஒனக்கு ஒடம்புல சத்தில்லேன்னாக. செருப்பப் போட்டுக்கிட்டுத்தான் தொவைக்கிறேன்."

சம்பந்தி கொல்லைப்பக்கம் நடந்தார். பின்னாலேயே போனேன். எர்த் குழிக்குப் பக்கத்தில் டைல்ஸ் பதித்த சமயத்தில் ஒயர் அறுந்திருக்கிறது. முனை வெயிலில் நீட்டிக்கொண்டிருந்தது. அவர் மெயினை அணைத்துவிட்டுத் தெரிந்த எலக்ட்ரீசியனுக்குப் போன் போட்டார். அவர் வந்து புது ஒயர் முடுக்கி, குழியில் நாலு குடம் தண்ணீர் ஊற்ற அரைமணி நேரம்.

மறுபடி செருகினார். பச்சை.

சம்பந்தியம்மா செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வாஷிங் மெஷின்மேல் உள்ளங்கையை வைத்தார். எடுத்தார். திரும்ப வைத்தார். "பொட்டி சொன்னா ஒடனே கேக்குறீக. நாலு மாசமா நாயி மாதிரி நான் கத்துனேன்."

"ஒனக்குச் செவப்பு லைட்டு எரியலையே, நான் எப்புடிக் கண்டேன்?" என்றார் சம்பந்தி.

பெண்கள் இருவரும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

அவர் வேனில் ஏறி, ஏசியைப் போட்டு, எங்கள் கட்டிலில் காலை நீட்டிப் படுத்தார். "நம்ம கரண்ட்டுல காத்து நல்லாத்தான் வருது சம்பந்தி." ஐந்தே கால் மணிவரை இறங்கவில்லை. காப்பியை உள்ளேயே கொண்டுபோய்க் கொடுத்தோம்.