இமயமலையை நீவிவிட்ட ஞாயிற்றுக்கிழமை

பிள்ளைகளே, நான் அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். துணியை அடுக்கடுக்காக விரித்து வெட்டுவது என் வேலை. அடுக்கில் ஒரு சுருக்கம் இருந்தாலும் பீஸெல்லாம் கோணலாகிவிடும். அதனால் சுருக்கத்தைக் கண்டால் என் கை தானாகப் போய் நீவிவிடும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டு மேஜையில் பல நிறத்தில் வேஸ்ட் துணி அடுக்கியிருந்தது. நடுவில் பெரிய மேடு. டீயைக் குடித்துக்கொண்டே நீவிவிட்டேன்.

ஏழாவது படிக்கும் என் மகள் ஓடி வந்தாள். "அப்பா! என்ற மலையக் காணோமுங்க!"

மறுநாள் பள்ளியில் அறிவியல் கண்காட்சி. இரண்டு நிலத்தட்டுகள் மோதி இமயமலை எழுவதைத் துணியில் செய்து வைத்திருந்தாளாம்.

சமையலறையிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள். "ஏனுங்க, இமயமலைக்கே இஸ்திரி போட்டுட்டீங்களா?"

மகள் சிரிக்கவில்லை. கண் கலங்கிவிட்டது.

"அழுவாத கண்ணு, நானே செஞ்சு தாரேன்" என்று இருபக்கமும் தள்ளினேன். மலை எழுந்தது. அவள் முகம் எழவில்லை.

"மலைக்கு அடியில வேராட்டம் எறங்கோணுமுங்கப்பா. மேல தெரியறதவிட அதுதான் பல மடங்கு பெருசு. காலைல இருந்து வரவே மாட்டேங்குது."

அவள் புத்தகத்தை வாங்கி இரண்டு முறை படித்தேன். மோதலில் நிலம் தடித்துக் கீழேயும் அமிழ்கிறது. ஆழத்தில் சூடு அதிகம். அங்கே பாறை உடையாமல், இளகி, மெல்ல மெல்ல நகர்கிறது. அதற்கும் அடியிலிருக்கும் பாறை கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கிறது. எங்கள் மேஜை எங்கே விட்டுக்கொடுக்கும்?

இரண்டு ஸ்டூல்களை இடைவெளி விட்டுப் போட்டேன். அடியில் இழுத்தால் நீளும் லைக்ரா துணி நான்கு அடுக்கு, மேலே விறைப்பான காலர் துணி இரண்டு. ஆளுக்கொரு பக்கம் தள்ளினோம். காலர் துணி மடிந்து மேலே நின்றது. லைக்ரா இடைவெளிக்குள் தொங்கி இறங்கியது.

"வேருங்கப்பா!" என்று குதித்தாள்.

காலையில் ஆட்டோவில் ஏறும்போது, "கையக் கட்டிக்கிட்டு வாங்க" என்றாள். கட்டிக்கொண்டேன்.

கண்காட்சியில் டீச்சர் மலை உச்சியைப் பாராட்டினார். "அது கெடக்குதுங்க மிஸ், கீழ குனிஞ்சு பாருங்க" என்றாள் என் மகள். டீச்சர் முட்டி போட்டுப் பார்த்தார். பின்னால் நின்றவர்களும் ஒவ்வொருவராகக் குனிந்தார்கள். நான் மட்டும் நின்றேன். உச்சியில் ஒரு சுருக்கம். கட்டிய கையை இன்னும் இறுக்கிக்கொண்டேன்.